நோட்டீஸுக்கு நடுங்க வேண்டாம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இந்தியாவின் முதல் காப்புரிமை விண்ணப்பம் 1856-இல் எங்கள் கல்கத்தாவில்தான் பதிவானது. பங்கா என்ற தொங்கு விசிறியை இழுக்கும் இயந்திரத்துக்காக. காப்புரிமைத் தலைமை அலுவலகம் இன்றும் இங்கே சால்ட் லேக்கில் இருக்கிறது. ஆனாலும் ஹவுராவில் பட்டறை நடத்துபவருக்குக் காப்புரிமை மீறல் என்று வக்கீல் நோட்டீஸ் வந்தால், கேட்ட பணத்தைக் கொடுத்துத் தொலைக்கத்தான் தோன்றும்.

அவசரம் வேண்டாம். 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 106-ஆம் பிரிவின்படி, ஆதாரமற்ற மிரட்டலுக்கு எதிராகத் தடை உத்தரவும் நஷ்டஈடும் கோரலாம். 64-ஆம் பிரிவின்படி, தகுதியில்லாத காப்புரிமையையே ரத்து செய்யக் கேட்கலாம். அப்படித்தான், 2009-இல் இரட்டை சிம் போன் இறக்குமதியாளர்களைச் சுங்கத்தில் அலைக்கழித்த காப்புரிமை, 2012-இல் ரத்தானது.

சிறுதொழில் சங்கங்கள் இதை உறுப்பினர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

– ஒரு வாசகர், லேக் மார்க்கெட், கொல்கத்தா