மழை வந்தா மேம்பாலம் ஏறும் கார்கள்: இன்சூரன்ஸ் இருந்தும் ஏன் இந்தப் பயம்?

சென்னைக்கு ரெட் அலர்ட் என்று வானிலை ஆய்வு மையம் அறிவித்தால் போதும், வேளச்சேரி மேம்பாலம் பார்க்கிங் இடமாக மாறிவிடுகிறது. 2024 அக்டோபரில் அதுதான் நடந்தது. மழை வலுப்பதற்கு முன்பே பாலத்தின் ஓரமாகக் கார்கள் வரிசை கட்டின. அபராதம் போடுகிறார்கள் என்று தகவல் பரவ, அப்படி எதுவும் விதிக்கவில்லை என்று போலீஸ் விளக்கம் கொடுத்தது. "ஃபைன் போட்டாலும் பரவாயில்ல, கார் தப்பிச்சா போதும்" என்பதுதான் பலருடைய மனநிலை.

கொஞ்சம் ஓவராகத் தெரியலாம். ஆனால், கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது.

பயம் எங்கிருந்து வந்தது?

சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் கொட்டிவிடுகிறது. 2015 டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் ஒரே நாளில் பெய்தது 49 செ.மீ. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணையில் கார்கள் மிதந்து சென்ற வீடியோவை மறந்தவர்கள் குறைவு.

வேளச்சேரி, பள்ளிக்கரணை எல்லாம் ஏரியும் சதுப்பு நிலமும் சூழ்ந்த தாழ்வான பகுதிகள். தென் சென்னையின் பல ஏரிகளில் இருந்து வரும் தண்ணீர் சதுப்பு நிலத்தைக் கடந்துதான் கடலுக்குப் போக வேண்டும். இதோடு, பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் மேலே மேலே தார் போட்டதில் பல தெருக்களில் வீடுகள் பள்ளத்துக்குப் போய்விட்டன. அப்பார்ட்மென்ட்டின் கீழ்த்தள பார்க்கிங்தான் முதலில் நிரம்பும். அதாவது, காருக்கென்று ஒதுக்கிய இடம்தான் மழைக்காலத்தில் காருக்கு ஆபத்தான இடம்.

தண்ணீர் புகுந்தால் என்ன ஆகும்?

பாதி டயர் அளவுக்குத் தண்ணீர் நின்றால் பெரும்பாலும் பிரேக், பேரிங் செலவோடு போய்விடும். சீட் வரை ஏறினால் வயரிங், சென்சார், கன்ட்ரோல் யூனிட் எல்லாம் காலி. இன்ஜினுக்குக் காற்று போகும் வழியாகத் தண்ணீர் நுழைந்தால் நிலைமை இன்னும் மோசம். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. அந்த நேரத்தில் ஸ்டார்ட் செய்தால் பிஸ்டன் தண்ணீரில் முட்டி, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இதைத்தான் 'ஹைட்ரோலாக்' என்கிறார்கள்.

கவனிக்க: தண்ணீரில் சும்மா நின்ற காரின் இன்ஜினைப் பல நேரம் காப்பாற்றிவிடலாம். "ஒரு தடவை ஸ்டார்ட் ஆகுதான்னு பாப்போமே" என்று சாவியைத் திருப்பும்போதுதான் அது உடைகிறது.

இன்சூரன்ஸ் இருக்கே, அப்புறம் என்ன?

தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தால் வெள்ளச் சேதத்துக்கு ஒரு ரூபாய்கூடக் கிடைக்காது. காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில் வெள்ளம் கவர் ஆகும். ஆனால், தண்ணீர் புகுந்த பிறகு ஸ்டார்ட் செய்ததால் இன்ஜின் உடைந்தால், 'அது வெள்ளத்தால் நேரடியாக வந்த சேதம் இல்லை' என்று க்ளெய்ம் நிராகரிக்கப்படலாம். அதற்கு 'இன்ஜின் புரொடெக்ட்' என்ற தனி ஆட்-ஆன் தேவை.

"நான் பம்பர் டு பம்பர் போட்டிருக்கேன்" என்று நம்பி இருப்பவர்கள் அதிகம். அது மாற்றும் பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காமல் பணம் தரும் வசதி, அவ்வளவுதான். இன்ஜின் கவர் வேறு. புயல் சின்னம் உருவான பிறகு ஓடிப்போய் ஆட்-ஆன் வாங்கவும் முடியாது. பொதுவாகப் பாலிசியைப் புதுப்பிக்கும்போதுதான் சேர்ப்பார்கள்.

'டோட்டல் லாஸ்' ஆனால் கையில் எவ்வளவு வரும்?

10 லட்சம் ரூபாய் காருக்கு 9 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, 7 வருடம் என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை சுமார் 14,500 ரூபாய். இரண்டரை வருடத்தில் வெள்ளம் வருகிறது. 30 சதவீதத் தேய்மானம் போக, காரின் காப்பீட்டு மதிப்பான ஐடிவி 7 லட்சம். ரிப்பேர் செலவு இதில் 75 சதவீதத்தை, அதாவது 5.25 லட்சத்தைத் தாண்டினால் 'டோட்டல் லாஸ்'.

7 லட்சம் வருகிறதே என்று சந்தோஷப்பட முடியாது. கடன் பாக்கி சுமார் 6.4 லட்சத்தை முதலில் பேங்க் எடுத்துக்கொள்ளும். மிச்சம் 60 ஆயிரத்துக்கும் குறைவு. கட்டிய முன்பணமும் 30 மாதத் தவணையும் போனது போனதுதான். மேம்பாலம் ஏறும் ஒவ்வொரு காருக்குப் பின்னாலும் இப்படி ஒரு கணக்கு இருக்கிறது.

மழைக்கு முன்னாடி என்ன பண்ணலாம்?

* பாலிசியைத் திறந்து இன்ஜின் கவர் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.
* மேடான பகுதியில் இருக்கும் உறவினர் வீடு, ஆபீஸ், கட்டண பார்க்கிங் என்று ஓர் இடத்தைச் செப்டம்பரிலேயே பேசி வையுங்கள். மரத்தடி வேண்டாம்.
* பல நாள் நிறுத்துவதாக இருந்தால், சமதளத்தில் கியரில் விட்டு, டயருக்குக் கட்டை வைத்து, ஹேண்ட்பிரேக்கை எடுத்துவிடுங்கள். ஈரத்தில் பிரேக் ஒட்டிக்கொள்ளும். ஆட்டோமேட்டிக் என்றால் 'பி'யில் நிறுத்தினால் போதும்.
* ஈரமான காரின் மேல் கவர் போடாதீர்கள். உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும்.
* மழைக்கு ஒதுங்கும் எலிக்கு பானட்டுக்குள் சொகுசு அதிகம். வயரைக் கடித்திருக்கிறதா என்று அவ்வப்போது திறந்து பாருங்கள்.

தண்ணீர் வடிந்த பிறகு?

ஸ்டார்ட் செய்யவே கூடாது. தண்ணீர் ஏறிய மட்டம் தெரிகிற மாதிரி போட்டோ, வீடியோ எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றுங்கள். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குத் தகவல் சொல்லி, காரை முழுசாக மேலே ஏற்றிச் செல்லும் வண்டியில் சர்வீஸ் சென்டருக்கு அனுப்புங்கள். எலெக்ட்ரிக் கார் என்றால் நீங்களாக எதையும் கழற்றவோ, சார்ஜ் போடவோ வேண்டாம். ஐபி67 தரம் என்பது ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரை 30 நிமிடம் தாங்குவதற்கான சோதனைதான். மூன்று நாள் வெள்ளத்துக்கான உத்தரவாதம் இல்லை.

மேம்பாலம்தான் தீர்வா?

இல்லை. பாலத்தில் ஒரு பக்கம் முழுக்கக் கார் நின்றால், மழை நேரத்தில் ஆம்புலன்ஸும் மீட்பு வண்டிகளும் போகும் வழி குறுகிவிடும். பக்கத்துத் தெருவே தண்ணீரில் நிற்கும்போது, அந்தப் பாலம்தான் பலருக்கு ஒரே வழி.

அதற்காக, 'நிறுத்தாதே' என்று மட்டும் சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை. வேறு எங்கே நிறுத்துவது என்று சொல்ல வேண்டும். மேடான பகுதிகளில் இருக்கும் அரசு மைதானங்கள், பல அடுக்கு வாகன நிறுத்துமிடங்கள் ஆகியவற்றை அலர்ட் வந்ததும் திறந்துவிட்டு, எந்த ஏரியா கார் எங்கே போகலாம் என்று முன்கூட்டியே அறிவித்தால் பாலம் காலியாகும். நிவாரண முகாம்களுக்குப் பட்டியல் போடுவதைப் போல வாகனங்களுக்கும் ஒரு பட்டியல். மழைநீர் வடிகால் வேலை முடிய வருடக்கணக்கில் ஆகலாம். இந்தப் பட்டியலை அடுத்த மழைக்குள் போட்டுவிட முடியும்.