வாசலில் ஒரு நட்சத்திரம்

கும்மிடிப்பூண்டியில் ஆலை ஒன்றில் வேலை பார்க்கும் நண்பரிடம், கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்ட மூங்கில் கேட்டானாம் அவர் பையன். அவரோ கடையில் பிளாஸ்டிக் நட்சத்திரம் வாங்கி மாட்டிவிட்டார். “மூங்கிலோடு யார் மாரடிப்பது? அதெல்லாம் இல்லாதவன் வேலை, ஸார்!” என்றார்.

இல்லாதவன் வேலையா? ஆறடி மூங்கில் பிளாச்சு பத்து. ஐந்தைந்தாகக் கட்டினால் இரண்டு நட்சத்திரங்கள். ஒன்றன்மேல் ஒன்றை வைத்து, ஐந்து முனைகளையும் நூலால் இறுக்கி, உள்மூலைகளில் ஐந்து சிறு குச்சிகளை இடையே நிறுத்தினால், வயிறு புடைத்துக்கொண்டு நிற்கும். மேலே காற்றாடிக் காகிதம், மைதாப் பசை. உள்ளே ஒரு பல்பு. ஆளுயர நட்சத்திரம் தயார்! அளவு பிசகினால் கோணிக்கொள்ளும்; பையனுக்குக் கணக்கும் வரும்.

ஜெர்மனியின் புகழ்பெற்ற மொராவிய நட்சத்திரமே 1830-களில் நீஸ்கி என்ற ஊரின் பள்ளிக்கூடத்தில், பையன்களின் வடிவகணிதப் பாடமாகப் பிறந்ததுதானே?

பகலெல்லாம் ஆலையில் ஊராருக்காக உழைக்கிற கை, சொந்த வாசலுக்கு ஒன்று செய்ய வெட்கப்படுகிறது. அதுவல்லவா ஐயா, வறுமை? இந்த வருஷமாவது பையன் கேட்டால், பத்துப் பிளாச்சு வாங்கிக் கொடுங்கள். பக்கத்தில் நீங்களும் உட்காருங்கள்.