எக்ஸ்ரே எடுக்க போறீங்களா? லைசென்சு இருக்கான்னு கேளுங்க!

நெஞ்சு எக்ஸ்ரே ஒரு தடவை எடுத்தால் உடம்பில் படும் கதிர்வீச்சு, இயற்கையாக 10 நாளில் படும் அளவுதான். பயம் வேண்டாம். ஆனால் நெஞ்சு சி.டி. ஸ்கேன் சுமார் 2 ஆண்டு அளவுக்கு சமம்.

ஆபத்து, தேவை இல்லாமல் திரும்ப திரும்ப எடுப்பதில்தான் இருக்கிறது. பழைய படத்தை கையோடு கொண்டு போனால் கதிர்வீச்சும் மிச்சம், காசும் மிச்சம்.

அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் லைசென்சு இல்லாமல் எக்ஸ்ரே எந்திரத்தை இயக்க கூடாது என்பது 2004-ம் ஆண்டு விதி. படம் எடுக்கும்போது கதவு மூடி இருக்க வேண்டும். துணைக்கு வந்தவர் வெளியே நிற்க வேண்டும். குழந்தையை பிடித்துக்கொள்ள உள்ளே போனால் ஈய ஏப்ரான் கேட்டு வாங்கணும்.

கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலே பெண்கள் கூச்சப்படாமல் முதலிலேயே சொல்லிடணும். படம் எடுத்த பிறகு சொல்லி பிரயோஜனம் இல்லை.