ஏழு பெரிதா, மூன்று பெரிதா?



விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அளித்து வந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அது முதல் கடைக்குக் கடை கம்ப்யூட்டர் மாற்றும் பேச்சுதான். திருநெல்வேலி சாலையில் உள்ள எங்கள் புதுக்கோட்டையும் இதற்கு விலக்கல்ல. விற்க வருகிறவர்கள், "அண்ணாச்சி, புது ஐ3 எதற்கு? அதைவிடக் குறைந்த விலைக்கு நல்ல நிலையில் ஐ7 தருகிறோம். மூன்றைவிட ஏழு பெரிதுதானே?" என்கிறார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த ஏழில் மயங்கிப் பணத்தை முடக்கக் கூடாது என்பது என் கருத்து.

இரண்டையும் தராசில் வைத்துப் பார்ப்போம். பழைய சரக்காகச் சந்தைக்கு வரும் ஐ7-4770, இன்டெல் 2013-இல் வெளியிட்ட பிராசசர். ஐ3-12100, 2022-இல் வந்தது. இரண்டிலும் நான்கு கோர், எட்டு திரெட். உச்ச வேகம் பழையதில் 3.9 கிகாஹெர்ட்ஸ், புதியதில் 4.3 கிகாஹெர்ட்ஸ். அடிப்படை மின் அளவு பழையதற்கு 84 வாட், புதியதற்கு 60 வாட். முழு வேகத்தில் ஓடும்போது புதியது 89 வாட் வரை எடுக்கும். காகிதத்தில் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ஒற்றைக் கோரின் வேகத்தை அளக்கும் பொதுச் சோதனைகளில் ஐ3 ஒன்றரை மடங்குக்கும் மேலாக முந்துகிறது.

இது எப்படி? நம் கிட்டங்கியில் நடப்பதுதான். கோர் என்பது லோடுமேன். கிகாஹெர்ட்ஸ் என்பது அவர் போகும் நடை. இரண்டு கிட்டங்கியிலும் நாலு நாலு பேர். நடையும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் ஒருவர் நடைக்கு இரண்டு பெட்டி தூக்குகிறார், மற்றவர் மூன்று பெட்டி தூக்குகிறார் என்றால் லாரி எங்கே முதலில் நிறையும்? நடையை மட்டும் எண்ணிக் கூலி கொடுக்கும் முதலாளி நம்மில் யாரும் இல்லை. கம்ப்யூட்டர் வாங்கும்போது மட்டும் அதை ஏன் மறக்கிறோம்?

இந்த நடைக் கணக்கு உலகச் சந்தையிலேயே ஒருமுறை அடிபட்டது. 2001-இல் இன்டெலின் பென்டியம் 4 கூடுதல் ஹெர்ட்ஸைக் காட்டி விற்றபோது, போட்டியாளரான ஏஎம்டி நிறுவனம் 1.53 கிகாஹெர்ட்ஸில் ஓடிய தன் அத்லான் எக்ஸ்பி பிராசசருக்கு 1800+ என்று பெயர் வைத்தது. நடை குறைவானாலும் முடிக்கும் வேலை அதிகம் என்பதுதான் அதன் வாதம். பல சோதனைகளில் அந்த வாதம் நின்றது.

ஐ3, ஐ5, ஐ7 என்பதெல்லாம் அந்தந்த ஆண்டுச் சரக்குக்குள் தரம் பிரிக்கும் பெயர்கள். ஒரு வருடத்து முதல் தர மிளகாயை இன்னொரு வருடத்து மூன்றாம் தரத்தோடு பெயரை வைத்து ஒப்பிட முடியாது. ஆகவே கோட்டுக்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள். 4770 என்றால் நான்காம் தலைமுறை, 12100 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை. எண்ணின் கடைசியில் 'எஃப்' என்ற எழுத்து இருந்தால், திரைக்குப் படம் அனுப்பும் பகுதி பிராசசரில் இராது. தனி கிராபிக்ஸ் கார்டு வாங்க வேண்டிவரும். அது நமக்கு வீண் செலவு.

வேகத்தை விடவும் முக்கியமான ஒன்று உண்டு. இன்டெல் பிராசசர்களில் பொதுவாக எட்டாம் தலைமுறை முதல்தான் விண்டோஸ் 11 முறைப்படி ஏற்கிறது. நான்காம் தலைமுறை ஐ7 அந்தப் பட்டியலில் இல்லை. எப்படியாவது ஏற்றித் தருகிறேன் என்பவர் பேச்சை நம்பி வாங்குவது முறையல்ல. ஜி.எஸ்.டி. கணக்கு, வங்கிப் பரிமாற்றம் எல்லாம் அந்தப் பெட்டிக்குள் இருக்கின்றன. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய வணிகர்கள், வணிகர்களுக்கு விற்கும் சரக்குக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் மின் பட்டியல் போட வேண்டியிருக்கிறது. பெட்டியில் வைரஸ் புகுந்தால் அன்றைக்குச் சரக்கு கிட்டங்கியை விட்டு நகராது.

பழைய பெட்டியே ஆகாது என்று நான் சொல்லவில்லை. இணையத் தொடர்பின்றி, ரசீது அடிக்க மட்டும் வேண்டும் என்னும் சிறு கடைக்காரர், பழைய ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டு இன்னும் சில காலம் ஓட்டலாம். அது சிக்கனம். ஆனால் புதிதாகப் பணம் போட்டு 2013-ஆம் ஆண்டுச் சரக்கை வாங்குவது சிக்கனமாகாது.

குத்தூசி போட்டு மாதிரி பார்க்காமல் நாம் மூட்டை எடுப்பதில்லை. உங்கள் கடைக் கணக்கை ஒரு பென் டிரைவில் கொண்டுபோங்கள். இரண்டு பெட்டியிலும் ஏற்றி, ஓர் ஆண்டுச் சரக்கிருப்பு அறிக்கையை எடுத்துக் கடிகாரத்தில் நேரம் பாருங்கள். முடிந்ததும் கணக்கை அங்கேயே அழிக்கச் சொல்லுங்கள். பில்லில் பிராசசரின் முழு எண்ணையும், உத்தரவாதக் காலத்தையும் எழுதி வாங்குங்கள். முழு எண்ணை எழுதித்தரத் தயங்குகிறவரிடம் ஐ7 மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.