தேயிலை இறங்க வழி இருந்தது, நோயாளி இறங்க வழி இல்லை

போடி, தேனி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் பகுதி மக்களுக்கு, குரங்கணிக்கு மேலே மலையில் குடியிருக்கும் நாங்கள் வணக்கத்துடன் விடுக்கும் வேண்டுகோள்.

மலையில் பிறந்ததை நாங்கள் குறையாக நினைக்கவில்லை. காப்பி, மிளகு, ஏலம், எலுமிச்சை, இலவம்பஞ்சு என்று காடு எங்களுக்குப் படியளக்கிறது. குடிக்கிற தண்ணீருக்குக் காசில்லை. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் மற்ற வீடுகளில் உலை ஏறாது. இதையெல்லாம் விட்டுவிட்டுக் கீழே இறங்கி வாருங்கள் என்றால் எங்களுக்குச் சம்மதமில்லை.

கஷ்டம் எங்கே என்றால், ராத்திரியில் ஒரு பெண்ணுக்கு இடுப்புவலி எடுக்கும்போதுதான். எங்கள் ஊர்களில் பலவற்றுக்கு எந்நேரமும் வண்டி வந்துபோகும் சாலை கிடையாது. நீளக் கம்பில் போர்வையைக் கட்டி டோலி ஆக்குவோம். தூக்க நாலு பேர், தோள் மாற்ற நாலு பேர், காட்டுமாடு நிற்கிறதா என்று டார்ச் அடித்தபடி முன்னால் ஒருவர். ஐப்பசி மழையில் ஓடை பெருகினால், தண்ணீர் வடியும்வரை கரையிலேயே உட்கார வேண்டும். 108 வண்டி அடிவாரம்வரைதான் வரும்.

இந்த மலைக்கு வழி போடவே முடியாது என்பதில்லை. நூறு வருஷத்துக்கு முன்பே மூணாறு தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து ரோப்வேயில் கொட்டகுடிக்கு இறங்கி, மாட்டு வண்டியில் போடிக்குப் போனது. தேயிலைப் பெட்டிக்குச் செய்து கொடுத்ததை மனுஷனுக்குச் செய்து கொடுக்க இன்னும் யாரும் முன்வரவில்லை.

2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டில் பற்றிய தீ, மலையேற வந்தவர்களில் 23 பேரின் உயிரைக் கொண்டுபோனது. அன்றைக்கு முதலில் ஓடிப்போய், தீக்காயம் பட்டவர்களைச் சுமந்து இறக்கியவர்களில் மலை மக்களும் உண்டு. பாதை இல்லாத கொடுமை அன்று வெளியூர்க்காரர்களுக்கும் தெரிந்தது.

ரோடு வந்தால் காடு அழியுமே என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். சுற்றுலாவுக்கான அகலச் சாலையை நாங்கள் கேட்கவில்லை. 2006 வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு, சாலை, மருந்தகம், பள்ளி போன்ற ஒவ்வொரு வசதிக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வன நிலத்தைத் தர இடம் கொடுக்கிறது. ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக்கூடாது, கிராம சபையின் பரிந்துரையும் வேண்டும். அந்த வரம்புக்குள் ஆம்புலன்ஸ் ஜீப் ஏறும் பாதையையும், நர்ஸ் தங்கும் துணை சுகாதார நிலையத்தையும் கேட்கிறோம்.

உங்களிடம் கேட்பவை மூன்று:

1. எங்கள் கோரிக்கை மனுவில் கையெழுத்திடுங்கள்.

2. அக்டோபர் 2 கிராம சபையில் உங்கள் ஊராட்சியிலும் ஆதரவுத் தீர்மானம் போடுங்கள்.

3. மலையேற வருகிறவர்கள் தீ மூட்டாதீர்கள், பாட்டிலை வீசாதீர்கள்.

கொட்டகுடி ஆறு எங்கள் மலையிலிருந்துதான் போடிப் பக்கம் இறங்கி வருகிறது. அந்தத் தண்ணீரைக் குடிக்கிறவர்கள் அந்த உரிமையோடும், மற்றவர்கள் பக்கத்து ஊர்க்காரர்கள் என்ற உரிமையோடும் எங்களுக்காக ஒரு குரல் கொடுங்கள்.

இப்படிக்கு,
குரங்கணி மேல்மலை ஊர்மக்கள்