பிஜியா, வாடகை வீடா? ஓனர் மாற்றி மாற்றிப் பேசினால் சட்டம் என்ன சொல்கிறது?

அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டால், "இது வாடகை வீடு இல்ல தம்பி, பிஜி. இங்க ரூல்ஸ் வேற" என்பார் ஓனர். மாநகராட்சியிலிருந்து ஆள் வந்தால் அதே ஓனர், "பிஜியெல்லாம் இல்ல சார், வீட்டை வாடகைக்கு விட்டிருக்கேன்" என்பார். பெங்களூருவிலோ சென்னையிலோ ரூம் எடுத்துத் தங்கும் பலருக்கும் இது பழகிப்போன பேச்சு. ஆனால் எதைச் சொன்னாலும் ஓனருக்குச் சில கடமைகள் உண்டு.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

வீட்டையோ அறையையோ முழுசாக உங்கள் பொறுப்பில் விட்டால், அது வாடகை. கட்டில் மட்டும் உங்களுக்கு, அறையின் கட்டுப்பாடு ஓனரிடமே என்றால், பொதுவாக அது தங்குவதற்கான அனுமதி மட்டுமே. ஒப்பந்தத்தின் தலைப்பில் என்ன எழுதியிருக்கிறது என்பது முக்கியமில்லை. நடைமுறையில் என்ன நடக்கிறது என்பதையே பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1959-லேயே சொல்லிவிட்டது.

பிஜி நடத்துபவர் என்ன செய்ய வேண்டும்?

2024 ஜூலையில் பெங்களூரு கோரமங்களாவில் பெண்கள் பிஜி ஒன்றுக்குள் புகுந்து இளம்பெண் கொல்லப்பட்டார். அடுத்த மாதமே மாநகராட்சி புதிய விதிமுறைகளை வெளியிட்டது. ஒருவருக்கு குறைந்தது 70 சதுர அடி இடம், நாளுக்கு 135 லிட்டர் தண்ணீர், வாசலில் சிசிடிவி, 24 மணி நேரக் காவலாளி, தீ பாதுகாப்பு, சாப்பாடு போட்டால் எஃப்எஸ்எஸ்ஏஐ உரிமம் ஆகியவை அதில் உண்டு.

தமிழ்நாட்டில், பெண்கள் விடுதி நடத்த 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவும் உரிமமும் கட்டாயம். ஆண்கள் தங்கும் பிஜிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது.

பில்லில் ஜிஎஸ்டி போடலாமா?

மாத வாடகை ஒருவருக்கு 20,000 ரூபாய்க்குள் இருந்து, தொடர்ந்து 90 நாளாவது தங்கினால் ஜிஎஸ்டி கிடையாது. 2024 ஜூலை முதல் இந்த விலக்கு நடைமுறையில் இருக்கிறது. ஆக, 9,000 ரூபாய் கட்டிலில் வருஷக்கணக்கில் தங்குபவரிடம் ஜிஎஸ்டி கேட்டால், எந்த அடிப்படையில் என்று கேளுங்கள்.

அட்வான்ஸ் வரவில்லை என்றால்?

வாடகை வீடு என்றால், தமிழ்நாட்டில் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் பொருந்தும். ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாதவரை, அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக்கூடாது. எல்லா மாநிலங்களிலும் இந்த வரம்பு இல்லை. இரண்டு மாதம் என்று சொல்லும் மத்திய அரசின் 2021 மாதிரிச் சட்டம், மாநிலங்கள் ஏற்றால்தான் செல்லும்.

"இது பிஜி" என்று ஓனர் சொன்னால், பதறத் தேவையில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தங்குமிடத்தையும் உணவையும் 'சேவை' என்றே வரையறுக்கிறது. அதாவது, காசு கொடுத்துத் தங்கும் நீங்கள் நுகர்வோர். முதலில் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் புகார் செய்யலாம். சரிவரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. நீங்கள் வசிக்கும் ஊரிலேயே தாக்கல் செய்யலாம் என்பதுதான் பெரிய வசதி. பெங்களூரு பிஜியைக் காலி செய்துவிட்டு திருநெல்வேலிக்குத் திரும்பியவர், அங்கிருந்தே கேஸ் போடலாம்.

ஆனால் கையில் ஆதாரம் வேண்டும். அட்வான்ஸை ரொக்கமாகத் தராமல் யுபிஐ-யில் அனுப்புங்கள். எவ்வளவு பிடிப்பார்கள், எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள். ரூமுக்குள் பெட்டியை வைக்கும் முன்பே நாலு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். காலி செய்யும் நாளில் "பெயின்டிங் சார்ஜ்" என்று ஓனர் ஆரம்பித்தால், அப்போது பேசப்போவது இவைதான்.