பைக் புராணம் - 7: மஞ்சள் ஸ்ப்ரிங்கும் ஒரு இஞ்ச் டேப்பும்

போன பகுதியில செயினைக் கழுவி முடிச்சாச்சு. இந்த வாரம் சஸ்பென்ஷன்.

இங்க ஜெர்மனியில, ஆஹென்ல படிக்கிற நம்ம பசங்க செகண்ட் ஹேண்ட் பைக் வாங்கினா மூணாவது மாசம் ஒரு கேள்வி வரும். "பின்னாடி நல்ல ஷாக் ஒண்ணு மாத்திரலாமாடா?" நல்ல ஷாக்னா வேற என்ன, மஞ்சள் ஸ்ப்ரிங் போட்ட ஓலின்ஸ்தான். 1976-ல ஸ்வீடன்ல ஆரம்பிச்ச கம்பெனி. பொருள் அருமை, சந்தேகமே இல்ல. விலையைப் பாத்தாதான் ஊருக்குப் போய் வர்ற டிக்கெட் கண்ணு முன்னாடி பறந்து போகும்.

மாத்தலாம். ஆனா அதுக்கு முன்னாடி ஒரு இஞ்ச் டேப் எடுங்க. இந்தப் பதிவோட சாரமே அவ்ளோதான்.

சஸ்பென்ஷன்னா முதுகு வலிக்காம இருக்கன்னுதான் பாதிப் பேர் நினைப்பு. அது உபரி. முதல் வேலை, டயர் ரோட்டை விட்டு எழும்பாம பிடிச்சு வைக்கிறது. பிரேக்கு, வளைவு எல்லாமே டயர் ரோட்டைத் தொடுற உள்ளங்கை அளவு இடத்துலதான் நடக்குது. அதுல ஸ்ப்ரிங் எடையைத் தாங்கும். எண்ணெய் வழியா நடக்குற டேம்பிங், ஸ்ப்ரிங் குதியாட்டம் போடாம அடக்கும். ஸ்ப்ரிங்கே தப்புன்னா டேம்பிங்கை என்ன பண்ணியும் பிரயோஜனம் இல்ல.

உதாரணத்துக்கு நம்ம பக்கத்து ரூம் அண்ணாச்சி. திருநெல்வேலி, ஆராய்ச்சி மாணவர், எடை 92 கிலோ (அவர் அனுமதியோட எழுதுறேன்). வண்டி சுசுகி எஸ்.வி.650. 1999-ல வந்த மாடல், 645 சிசி, 90 டிகிரி வி-ட்வின். எஞ்சினுக்குப் பேர் போனது. விலையைக் குறைக்க கம்பெனி சிக்கனம் பிடிச்ச இடம் சஸ்பென்ஷன்.

"தம்பி, ஐஃபெல் மலையில வளைவுக்கு முன்னால பிரேக் புடிச்சா வண்டி தலைகுப்புற சாயுதுடே"ன்னார். ஃபோர்க் முழுசா அமுங்கி முட்டிருச்சுன்னா, அதுக்கப்புறம் வர்ற சின்ன மேட்டைக் கூட உள்வாங்க இடமே இருக்காது. டயர் துள்ளும். மழைநாள்ல, பிரேக் பிடிச்ச கையோட முன்சக்கரம் துள்ளினா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. பிரச்சினை முன்னாடி. அண்ணாச்சி வாங்கப் பாத்தது பின்னாடி ஷாக்!

சரி, அளந்தோம். இதுக்கு மூணு பேர் வேணும். முன்சக்கரத்தை அந்தரத்துல தூக்கி, ஃபோர்க்கோட பளபள குழாய் எவ்ளோ வெளியே தெரியுதுன்னு ஒரு அளவு. அப்புறம் ஹெல்மெட், ஜாக்கெட்டோட ஆள் ஏறி உக்காரணும். ஒருத்தர் வண்டியைப் பிடிச்சுக்கணும், ஒருத்தர் அளக்கணும். முன்பக்கத்தை அமுக்கி மெதுவா எழும்ப விட்டு ஒரு அளவு, தூக்கி மெதுவா இறங்க விட்டு இன்னொரு அளவு, ரெண்டுக்கும் சராசரி. அந்தரத்துல இருந்த அளவுல இந்தச் சராசரியைக் கழிச்சா வர்றதுதான் 'சேக்'. ரோட்டுல ஓட்டுற வண்டிக்கு முன்னாடி 30-லேருந்து 40 மிமீ-க்குள்ள இருக்கலாம். அண்ணாச்சிக்கு 52! பிரேக்கைத் தொடுறதுக்கு முன்னாடியே பயணத்துல ஏறக்குறைய பாதி காலி.

"ப்ரீலோடைத் திருகி ஏத்திரலாம்லா?"ன்னு கேட்டார். ஊர்ல ஸ்ப்ளெண்டர்ல பின்னாடி ஆள் ஏறினா ஷாக்கை ஒரு கட்டம் ஏத்துவோமே, அதே கணக்கு. இங்கதான் நிறையப் பேர் ஏமாறுறாங்க. ப்ரீலோட் ஏத்தினா ஸ்ப்ரிங் கெட்டியாகாது. வண்டி நிக்கிற உயரம் மட்டும்தான் மாறும். 0.90-ன்னு போட்ட ஸ்ப்ரிங் 1 மிமீ அமுங்க 0.9 கிலோ கேக்கும். எவ்ளோ திருகினாலும் அது மாறாது. திருகித் திருகி சேக் சரியா வந்தாலும், ஆள் இறங்கினதும் வண்டி கொஞ்சம் கூட அமுங்காம உச்சியில போய் நின்னா, ஸ்ப்ரிங் உங்களுக்குப் பத்தலன்னு அர்த்தம்.

ஆக, எடைக்கு ஏத்த ஃபோர்க் ஸ்ப்ரிங் ஒரு ஜோடி, புது ஃபோர்க் ஆயில். மொத்தம் நூத்துச் சொச்சம் யூரோ. ஆயில் வாங்கும்போது ஒண்ணு கவனிங்க: ஒரு கம்பெனியோட 10 இன்னொரு கம்பெனியோட 10 மாதிரி இருக்காது. 40 டிகிரியில பாகுநிலை எவ்ளோன்னு பாத்து, அதை வச்சு ஒப்பிடுங்க. ஆயில் மட்டமும் மேனுவல்ல சொன்ன மாதிரியே இருக்கணும். மேல இருக்குற காத்தும் ஒரு ஸ்ப்ரிங் மாதிரிதான் வேலை செய்யும்.

மறுபடி அளந்தா 36. அண்ணாச்சி மான்ஷாவ் வரைக்கும் போய்ட்டு வந்து, "இப்பந்தாம்டே வண்டி நிமிர்ந்து நிக்கி"ன்னார்.

எல்லாம் சரியாயிருச்சான்னா, இல்ல. இந்த வண்டி ஃபோர்க்ல டேம்பிங்குன்னு இருக்கறது நிலையான ஓட்டை போட்ட ஒரு குழாய். மெதுவா அமுங்கும்போது எண்ணெய் சும்மா ஓடிரும். திடீர்னு பள்ளம் வந்தா அதே ஓட்டையில நெருக்கியடிச்சுக் கையில குத்தும். அதுக்கு எமுலேட்டர்னு ஒரு வால்வு இருக்கு. அழுத்தம் கூடினா தானாத் திறந்து வழிவிடும். பழைய குழாய்ல ஓட்டையைப் பெருசாக்கணும், அதனால வேலை தெரிஞ்ச கை வேணும். அது ரெண்டாவது படி. பின் ஷாக் மூணாவது. அதையும் முதல்ல அளந்து பாத்துட்டுதான்.

இங்க இருக்கறவங்களுக்கு இன்னொரு சமாச்சாரம். ஜெர்மனியில பேப்பர் இல்லாத பாகத்தை மாட்டினா வண்டியோட ஓட்டும் அனுமதியே போயிரலாம். பாகத்தோட பொது அனுமதித் தாள் வந்தா அதுல போட்டிருக்கற நிபந்தனையைப் படிச்சுட்டு, தாளைக் கூடவே வச்சுக்கணும். 'டைலெகுட்டாக்டன்' வந்தா, மாட்டின உடனே ட்யூஃப் மாதிரி இடத்துல காட்டிச் சான்று வாங்கணும். ஏலத்துல மலிவாக் கிடைக்குதுன்னு வேற வண்டி ஃபோர்க்கைத் தூக்கிட்டு வர்றதுக்கு முன்னாடி இதை யோசிங்க.

அண்ணாச்சி மிச்சம் பிடிச்ச காசுல டிசம்பர்ல தங்கச்சி கல்யாணத்துக்கு டிக்கெட் போட்டுட்டார். வரும்போது அல்வா வரும்னு வாக்கு குடுத்திருக்கார். ஹி ஹி.

டிஸ்கி: ஃபோர்க் மூடியைத் திறக்கும்போது உள்ள ஸ்ப்ரிங் அழுத்தத்தோட இருக்கும். முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்திட்டு, மூஞ்சியைத் தள்ளி வச்சுக்கிட்டு, மூடியை மேலேர்ந்து அமுக்கிப் பிடிச்சே கடைசி மரையைக் கழட்டுங்க. கண்ணுக்கு ஸ்பேர் கிடைக்காது மக்கா.

அடுத்த பகுதி டயர் காத்து. வர்ட்டா?